விளக்கு வந்த வழி: தொங்குவிளக்கு

தரையில் நிற்காமல், சுவரையும் பற்றாமல், மேலிருந்து சங்கிலியோ கம்பியோ தாங்க எரிவது தொங்குவிளக்கு. குத்துவிளக்கு தனக்கென்று ஓர் இடம் கேட்கும். அதைச் சுற்றி ஆட்கள் ஒதுங்கி நடக்க வேண்டும். தொங்குவிளக்கு தரை முழுவதையும் மனிதருக்கே விட்டுவிடுகிறது. கூட்டம் நெருக்கும் அர்த்தமண்டபத்திலும் இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய ரேழியிலும் அது நிலைபெற்றதற்கு இதுவே முதற்காரணம். இன்று தஞ்சாவூர், கும்பகோணம் வட்டாரத்துப் புதிய வீடுகளில் சாப்பாட்டு மேசைக்கு மேலே தொங்கும் பித்தளைக் குடை விளக்கு ஐரோப்பாவின் 1950-களின் பாணி என்று சொல்லி விற்கப்படுகிறது. அந்தப் பாணிக்குத் தெளிவான பிறப்பிடம் உண்டு. ஆனால் சங்கிலி, பித்தளை, கண் கூசாத ஒளி ஆகிய மூன்றும் காவிரிக் கரைக்குப் புதியவை அல்ல.

எண்ணெய் விளக்குக்கு இயல்பிலேயே ஒரு குறை உண்டு. சுடர் மேலே, அகல் கீழே. அகலின் நிழல் நேரே கீழே விழும். ஒளி பக்கவாட்டிலும் மேல்நோக்கியும் போகும். ஆகவே உயரத்தில் கட்டிய எண்ணெய் விளக்கு தரைக்கு வெளிச்சம் தராது. கோயில் விளக்குகள் அவ்வளவு நீளமான சங்கிலியில் தாழ்ந்து தொங்குவது இதனால்தான். மூர்த்தியின் முகத்துக்கு நேராக, அல்லது சற்றே மேலாகச் சுடர் நின்றால் முகம் ஒளி பெறும். நிற்பவர் கண்ணுக்கு எதிரே சுடர் உறுத்தாமல் ஒதுங்கி இருக்கும். காட்ட வேண்டியது எது என்று முடிவுசெய்து, அதற்கேற்பச் சங்கிலியின் நீளத்தை அளந்தார்கள். தொங்குவிளக்கின் கலை முழுவதும் இந்த அளவில்தான் அடங்கியிருக்கிறது.

சோழர் காலத்தில் விளக்கின் செலவு உலோகத்தில் இல்லை, நெய்யில் இருந்தது. இரவும் பகலும் அணையாத நந்தா விளக்கு ஒன்றுக்கு நாள்தோறும் ஓர் உழக்கு நெய் வேண்டும். 1010-இல் முதலாம் இராசராசன் குடமுழுக்குச் செய்த தஞ்சைப் பெரியகோயிலின் கல்வெட்டுகள் இந்தக் கணக்கை வெளிப்படையாகச் சொல்கின்றன. ஒரு விளக்குக்கு 96 ஆடுகள். அவை இல்லையென்றால் 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள். கால்நடைகளைப் பெற்றுக்கொண்ட இடையர், ஆடவல்லான் என்னும் கோயில் அளவையால் நெய்யை அளந்து செலுத்தக் கடமைப்பட்டவர். இப்படி அளித்த ஆடுகளைச் சாவா மூவாப் பேராடு என்று சோழநாட்டுக் கல்வெட்டுகள் குறிக்கும். கிழடானதும் செத்ததும் போகக் குட்டிகளால் மந்தை நிரம்பிக்கொண்டே இருக்கும்; கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் பின்னாலும் விளக்கு எரியும். ஒரு சுடருக்குப் பின்னால் ஒரு மேய்ச்சல் நிலமும் ஒரு குடும்பத்தின் உழைப்பும் நின்றன. ஒளியின் விலை இவ்வளவு துல்லியமாகக் கல்லில் ஏறுவது அரிது.

அணையாமல் எரிவதற்கு நெய் மட்டும் போதாது, கவனிக்க ஆளும் வேண்டும். எண்ணெய் வற்றினால் திரி கருகும். அளவுக்கு மீறி ஊற்றினால் சுடர் மூழ்கும். இந்தத் தொல்லைக்குப் பித்தளை வேலை செய்யும் கன்னார் கண்ட விடை தூண்டாமணி விளக்கு. சங்கிலியில் தொங்கும் தட்டம். அதன் நடுவே ஒரு பறவை, பெரும்பாலும் அன்னம் அல்லது புறா. பறவையின் உடல் வெற்றுக்கூடு, அதற்குள் எண்ணெய். காற்றுப் புகாதபடி மூடிய அந்த வயிற்றிலிருந்து வரும் துளை, தட்டத்து எண்ணெயின் மட்டத்தில் முடியும். எண்ணெய் துளையை மூடியிருக்கும் வரை உள்ளே காற்று நுழையாது. காற்று நுழையாவிட்டால் எண்ணெயும் இறங்காது. திரி குடித்து மட்டம் தாழ்ந்ததும் துளை திறக்கும். ஒரு குமிழி உள்ளே போகும், அந்த அளவு எண்ணெய் வெளியே வரும், மட்டம் உயர்ந்து துளை மறுபடி மூடிக்கொள்ளும். தூண்டிவிட ஆள் தேவையில்லை. இதே தத்துவத்தில் இயங்கும் 12-ஆம் நூற்றாண்டு விளக்கு ஒன்று இலங்கையின் தெதிகமவில் அகழ்ந்தெடுக்கப்பட்டது. அதில் பறவைக்குப் பதில் யானை. அதன் வயிறே எண்ணெய்க் கொள்கலம். அதுவும் சங்கிலியில் தொங்குவது. அழகுக்காக ஓர் உருவத்தைச் சேர்த்து, அந்த உருவத்தையே கருவியின் உறுப்பாக ஆக்கிய இந்த விளக்குகளுக்கு ஈடான வடிவமைப்பு எந்த நூற்றாண்டிலும் அரிது.

மராட்டிய மன்னர் காலத்தின் பிற்பகுதியில், 18, 19-ஆம் நூற்றாண்டுகளில், கண்ணாடி வந்தது. ஐரோப்பியக் கப்பல்களில் வந்த லஸ்தர் விளக்குகளும் வண்ணக் குளோப்புகளும் முதலில் அரண்மனைகளிலும், பிறகு மிராசுதார் வீட்டுக் கூடங்களிலும், கோயில் மண்டபங்களிலும் ஏறின. அவற்றின் வேலை வெளிச்சம் தருவதை விடச் செல்வத்தைக் காட்டுவது. பல வீடுகளில் கல்யாணத்துக்கு மட்டுமே அவை ஏற்றப்பட்டன. மற்ற நாட்களில் துணி சுற்றிக் கிடந்தன.

உண்மையான மாற்றத்தைக் கொண்டுவந்தது மண்ணெண்ணெய். அரிக்கன் விளக்கு கையோடு வயலுக்கும் மாட்டுக்கொட்டிலுக்கும் போயிற்று. வீடு திரும்பியதும் உத்தரத்து ஆணியில் தொங்கிற்று. பெர்லினின் எரிச் அண்ட் கிரேட்ஸ் நிறுவனம் 1910-இல் கொண்டுவந்த பெட்ரோமாக்ஸ், கல்யாணப் பந்தலையும் நாடகக் கொட்டகையையும் பகலாக்கியது. அதன் மேண்டில் எனப்படும் வலை வெண்மையாய் ஒளிர்வதற்குத் தோரியம் தேவை. அந்தத் தோரியத்தைத் தேடித்தான் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் 1909-இல் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட்டைக் கண்டறிந்தார். தமிழ்க் கடற்கரை மண் ஐரோப்பாவுக்குப் போய் வலையாகித் தமிழ்ப் பந்தலுக்குத் திரும்பியது. பெட்ரோமாக்ஸ் ஒளி வலுவானதுதான். ஆனால் கீழே எண்ணெய்த் தொட்டி இருப்பதால் அதற்கும் அடியில் நிழல். நேரே பார்த்தால் கண் கூசும்.

மின்சாரம் இந்தக் குறையைத் தலைகீழாகப் புரட்டியது. பல்புக்குக் கீழே தொட்டி இல்லை, அகல் இல்லை. கம்பி மேலிருந்து வருகிறது; ஒளி தடையின்றிக் கீழே விழுகிறது. தொங்குவிளக்கு முதன்முறையாகத் தனக்கு நேர் அடியில் இருப்பதைக் காட்டத் தொடங்கியது. டெல்டாவுக்கு அந்த மின்சாரமும் காவிரியிலிருந்தே வந்தது. 1934-இல் கட்டி முடிந்த மேட்டூர் அணையின் அடியில், 1937-இல் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. 10 மெகாவாட் வீதம் நான்கு இயந்திரங்கள். சேலம், திருச்சி, தஞ்சாவூர் மாவட்டங்களும் வடக்கே ஆர்க்காடு, சித்தூர் பகுதிகளும் அதன் வட்டத்தில் வந்தன. பாசனத்துக்குத் திறக்கும் நீர்தான் இயந்திரத்தைச் சுழற்றும் என்பதால், அணை மூடியிருக்கும் மாதங்களில் உற்பத்தி இறங்கும். நீலகிரியின் பைக்காரா மின்சாரத்தோடு ஈரோட்டில் இணைப்புக் கொடுத்து இதை ஈடுசெய்தார்கள். குறுவைக்கு நீர் தந்த ஆறே கூடத்துப் பல்பையும் எரித்தது.

முதல் மின்விளக்குகள் எளியவை. தேக்குப் பட்டியில் அடித்த கம்பி உத்தரம் வரை போகும். அங்கே ஒரு மரக்கட்டை, அதிலிருந்து பஞ்சு நூல் சுற்றிய முறுக்கு வயர், நுனியில் பித்தளை ஹோல்டர், குண்டு பல்பு. வசதியுள்ள வீட்டில் பல்புக்கு மேல் தட்டையான எனாமல் குடை, வெளியே பச்சை, உள்ளே வெள்ளை. அந்தக் குடை ஒளியைக் கீழே தள்ளியது, பல்பை மறைக்கவில்லை. ஊஞ்சலில் படுத்தவர் கண்ணில் கம்பியிழையின் நெருப்பு நேராகப் பாய்ந்தது. ஆயிரம் ஆண்டுகளாகச் சங்கிலியின் நீளத்தால் அடக்கி வைத்திருந்த கூச்சம், பல்போடு வீட்டுக்குள் வந்துவிட்டது.

இதே சிக்கலை டென்மார்க்கில் ஒருவர் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார். பால் ஹென்னிங்சென், 1894-இல் பிறந்த கட்டடக் கலைஞர், எண்ணெய் விளக்கின் மங்கிய மஞ்சள் ஒளியில் வளர்ந்தவர். மின்பல்பு அந்த இதத்தைக் கெடுத்துவிட்டது என்பது அவர் குறை. 1920-களின் நடுவிலேயே மூன்றடுக்குக் குடை விளக்கை வடிவமைத்தார். குடைகளின் வளைவைக் கணிதச் சுருள்கோட்டின்படி வகுத்து, எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் பல்பு தெரியாமல், குடையில் பட்டுத் திரும்பிய ஒளி மட்டுமே வரச் செய்தார். பல்பு நிறுவனங்கள் பல்பின் அளவையும் வடிவையும் அடிக்கடி மாற்றிக்கொண்டிருந்ததால், எந்தப் பல்புக்கும் ஒத்துப்போகும் பிஎச் 5 விளக்கை 1958-இல் கொண்டுவந்தார். பெரிய குடையின் விட்டம் 50 சென்டிமீட்டர். பெயரிலுள்ள 5 அதைக் குறிக்கும். மேசைப் பரப்பிலிருந்து சுமார் 60 சென்டிமீட்டர் உயரத்தில் தொங்கவிடுவதற்கென்றே அமைந்தது அது. சுற்றி உட்கார்ந்தவர்களின் முகம் தெரியும், பல்பு தெரியாது. அர்ச்சகர் சங்கிலியை அளந்த அதே நோக்கம் இங்கே குடையின் வளைவாக மாறியிருக்கிறது.

1950-களை ஒட்டிய ஆண்டுகளில் தொங்குவிளக்கு உலகெங்கும் புதிதாகப் பிறந்தது. பின்லாந்தில் பாவோ டைனெல் பித்தளைத் தகட்டில் நுண்துளையிட்டு ஒளியைக் கசியவிட்டார். 1951-இல் ஜப்பானின் கிஃபு நகரில் மூங்கிலும் கைக்காகிதமும் கொண்டு இசாமு நொகுச்சி அக்காரி விளக்குகளைத் தொடங்கினார். அமெரிக்காவில் ஜார்ஜ் நெல்சன் கம்பிக் கூட்டின்மேல் நெகிழிப் படலம் தெளித்துக் குமிழி விளக்குகளைச் செய்தார். இன்று கடைகளில் ‘மிட்செஞ்சுரி’ என்று சொல்லப்படும் விளக்குகளில் பெரும்பாலானவை இந்த நால்வரின் வழியில் வந்தவை: அலங்காரம் குறைவு, வடிவம் ஒன்றே ஒன்று, பல்பு மறைவாக.

தமிழ் மண்ணுக்கு அருகே இந்த நவீனம் முன்னரே கால்வைத்திருந்தது. புதுச்சேரி ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியை ஆன்டனின் ரேமண்ட் வடிவமைக்க, 1937 முதல் களத்தில் நின்று கட்டியவர்களில் ஒருவர் ஜார்ஜ் நகாஷிமா. பின்னாளில், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி அமெரிக்க மரச்சாமான்களில் பெரிய பெயர் ஆனவர் அவர். அந்தக் கட்டடத்தின் பித்தளைக் கைப்பிடிகளும் தாழ்களும் உள்ளூரிலேயே வார்க்கப்பட்டன. 1958-இல், பிஎச் 5 வெளிவந்த அதே ஆண்டில், வடிவமைப்பாளர்களான சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் இந்திய அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார்கள். இந்தியாவில் கண்ட பொருள்களிலேயே உயர்ந்ததாக அவர்கள் எடுத்துக்காட்டியது சாதாரணப் பித்தளைச் சொம்பு. கையில் அமரும் விதம், இடுப்பில் ஏறும் விதம், நீர் ஊற்றும் வாய், துலக்க எளிதான வளைவு என்று அதன் ஒவ்வொரு வளைவுக்கும் காரணம் தேடினார்கள். அந்த அறிக்கையின் பயனாக 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது.

சொம்பு அறிக்கையோடு நிற்கவில்லை. 2000-களில் பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் டாம் டிக்சன், இந்தியத் தண்ணீர்க் குடங்களின் வடிவைக் கவிழ்த்து, பீட் என்ற தொங்குவிளக்கு வரிசையை உருவாக்கினார். மொராதாபாத் கைவினைஞர்கள் அதைக் கையால் தட்டிச் செய்கிறார்கள். வெளியே கறுப்பு, உள்ளே சுத்தியல் தடம் தெரியும் பொன்னிறப் பித்தளை. ஒவ்வொரு தடமும் ஒளியைச் சற்று வேறு திசையில் திருப்புவதால் உள்ளிருந்து வரும் ஒளி இதமாகப் பரவுகிறது. உலகெங்கும் உணவகங்களில் தொங்கும் அந்த விளக்கைப் பார்ப்பவருக்கு அது குடமாகத் தெரிவதில்லை. கும்பகோணத்துப் பாத்திரக் கடையில் வளர்ந்த ஒருவருக்கு உடனே தெரியும்.

அப்படியானால் டெல்டாவின் பித்தளைத் தொழில் எங்கே நிற்கிறது? கும்பகோணத்திலிருந்து திருவாரூர் போகும் சாலையில் உள்ள நாச்சியார்கோயில், குத்துவிளக்குக்குப் புவிசார் குறியீடு பெற்ற ஊர். காவிரி வண்டல் அங்கே அச்சுக்கு ஏற்ற மண். மிக நுண்ணியது, ஈரம் பட்டால் இறுகி, மாதிரி உருவின் சிறு கோட்டையும் ஏந்திக்கொள்ளும், உருகிய உலோகத்தின் சூட்டையும் தாங்கும். இரு பாதிப் பெட்டிகளில் மண்ணை இடித்து நிரப்பி, நடுவே மாதிரியை அழுத்தி எடுத்து, உண்டான பள்ளத்தில் மூசையிலிருந்து பித்தளையை ஊற்றுகிறார்கள். ஆறியதும் மண்ணைத் தட்டி உதிர்த்து, பிசிறை அரத்தால் நீக்கி, கடைசல் இயந்திரத்தில் ஏற்றினால் கரடான வார்ப்பு சில நிமிடங்களில் கண்ணாடிபோல் மின்னத் தொடங்கும். அடிப்பாகம், தண்டு, தட்டு, உச்சி அன்னம் எல்லாம் தனித்தனியாக வார்த்து மரையில் திருகிச் சேர்ப்பவை. சுவாமிமலையில் இதே காவிரி வண்டல் மெழுகு உருவைச் சுற்றிப் பூசப்படுகிறது. அங்கே உலோகமும் முறையும் வேறு. 1970-களுக்குப் பின் எவர்சில்வர் அடுக்களையைப் பிடித்துக்கொண்டபோது, அண்டாவும் குடமும் எடைக்குப் போயின. அந்தப் பழம்பித்தளையில் ஒரு பகுதி விளக்காக மறுபிறவி எடுத்தது.

வார்ப்பு விளக்குக்கும் குடை விளக்குக்கும் இடையே ஓர் உண்மையான வேறுபாடு உண்டு. அதை மறைத்துப் பேசுவது தொழிலுக்கு நன்மை செய்யாது. குத்துவிளக்குக்குக் கனம் பலம். தொங்கும் குடைக்குக் கனம் சுமை. குடைக்கு வேண்டியது மெல்லிய தகடு. அச்சின்மேல் தகட்டைச் சுழற்றி அழுத்தியோ, சுத்தியலால் தட்டி வளர்த்தோ அதைச் செய்ய வேண்டும். சுத்தியல் வேலை கன்னாருக்குப் பழக்கமானதுதான். குடமும் தவலையும் அப்படி உருவானவை. மொராதாபாத் செய்ததை டெல்டாப் பட்டறைகளால் செய்ய முடியாததற்குக் காரணம் எதுவும் இல்லை. சங்கிலிக் கண்ணி, கொக்கி, உச்சிக் குமிழ் போன்ற உறுப்புகளை வார்ப்பிலும் குடையைத் தகட்டிலும் செய்தால் இரண்டு திறமையும் ஒரே விளக்கில் சேரும்.

வீட்டுக்குள் இந்த விளக்கு சந்திக்கும் பெரிய போட்டியாளர் மின்விசிறி. தமிழ் வீட்டில் கூரையின் நடுப்புள்ளி விசிறிக்கு உரியது. கான்கிரீட் போடும்போதே கொக்கி அங்கே பதிந்துவிடும். விசிறிக்கு மேலே விளக்கு எரிந்தால் இறக்கைகளின் நிழல் அறை முழுவதும் வெட்டி வெட்டி ஓடும். பக்கத்தில் தொங்கினால் காற்றில் ஆடும். 1950-களுக்குப் பின் பரவிய ட்யூப்லைட் சுவரோடு ஒட்டிக்கொண்டதால் விசிறியோடு மோதவில்லை. அது வீடுகளை வென்றதற்கு மின்சிக்கனத்தோடு இதுவும் காரணம். இன்னொரு காரணம் பழக்கத்தில் இருந்தது. டேனிஷ் விளக்கு ஒரு மேசையை எதிர்பார்க்கிறது; எல்லோரும் தினமும் அதே இடத்தில் உட்கார வேண்டும். டெல்டா வீட்டிலோ பந்தி கூடத்தில் விரியும், முடிந்ததும் அதே இடத்தில் பாய் விரியும். நிலையான மேசை வந்த பிறகுதான் அதற்கு மேலே நிலையான விளக்குக்கு வேலை வந்தது.

எல்இடி மற்றொரு தடையை நீக்கியது. 60 வாட் குண்டு பல்பின் சூட்டில் மூடிய பித்தளைக் குடை கை வைக்க முடியாமல் காயும். அதே வெளிச்சத்தை 7 முதல் 9 வாட்டில் தரும் எல்இடி குடையை அவ்வளவாகச் சுடவைப்பதில்லை. 7 வாட் விளக்கு நாளுக்கு ஐந்து மணி நேரம் எரிந்தால் மாதம் சுமார் ஒரு யூனிட்தான். 96 ஆடுகளின் கணக்கோடு ஒப்பிட்டால், செலவு முழுவதும் எரிபொருளிலிருந்து உலோகத்துக்கு இடம்மாறிவிட்டது. பல்பு வாங்கும்போது வாட்டை மட்டும் பார்க்காமல் நிறத்தையும் பார்க்க வேண்டும். 2700 கெல்வின் என்று அச்சிட்டிருப்பது பித்தளையின் பொன்னிறத்தை வளர்க்கும். 6500 கெல்வின் அதை வெளிறச் செய்யும். வயலோரத்து வீடுகளுக்கு மஞ்சள் ஒளியில் இன்னொரு பலனும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் பச்சைத் தத்துப்பூச்சிகள் விளக்கைத் தேடி வீட்டுக்குள் குவியும். நீலம் கலந்த வெள்ளை ஒளிக்கு வரும் அளவு அவை மஞ்சள் ஒளிக்கு வருவதில்லை.

பொருத்தும் வேலையில் இரண்டைக் கவனித்தால் போதும். உலோகக் குடைக்கு எர்த் வயர் கட்டாயம்; எடையை மின்வயர் தாங்கக் கூடாது, தனிச் சங்கிலியோ எஃகுக் கம்பியோ தாங்க வேண்டும். துலக்கும் முறை குடையைப் பொறுத்தது. அரக்குப் பூச்சு இல்லாத பித்தளை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் விரைவாகக் கறுக்கும்; கழற்றிப் புளி போட்டுத் தேய்த்தால் பழைய நிறம் வரும். அரக்குப் பூசிய குடையில் புளியும் தேங்காய் நாரும் படக் கூடாது. பூச்சு திட்டுத்திட்டாக உரிந்து, அந்த இடம் மட்டும் கறுக்கும். அதற்கு ஈரத் துணியே போதும்.